ஹேக்கிங் போட்டியில் குறுக்கு வழி: எதுவரை போகலாம்?

சிடிஎஃப் எனப்படும் கொடி பிடிக்கும் போட்டியில், அதாவது புதிர்களை உடைத்து அவற்றில் ஒளித்துவைத்த ‘கொடி’ என்னும் இரகசியச் சொல்லைக் கண்டெடுக்கும் ஹேக்கிங் போட்டியில் இறங்குபவர், முதல் புதிரைத் தொடுவதற்கு முன் விதிகளை ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும். எந்தச் சர்வர்களைத் தாக்கலாம், ஓட்டைகளைத் தேடும் தானியங்கி ஸ்கேனர்களுக்கு அனுமதி உண்டா, ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பது ஆகிய மூன்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதிரை அமைத்தவர் எண்ணிப் பாராத வழியில் கொடியை எடுப்பது ஏமாற்று வேலை அன்று. தரவுத்தளத்தை உடைக்க வேண்டிய வலைத்தளப் புதிரில், அமைத்தவர் நிரலின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட் (Git) கோப்புறையை மறந்து சர்வரிலேயே விட்டிருந்தால், அதைத் தரவிறக்கி, பழைய கமிட்டுகளை, அதாவது சேமித்த முந்தைய மாற்றங்களைப் புரட்டிக் கொடியைக் கண்டெடுப்பதும் திறமைதான். எடுத்த கையோடு அமைப்பாளருக்குத் தெரிவியுங்கள். பல போட்டிகளில் ஓட்டையை அடைத்து, அதே புதிரைத் திருத்தி மீண்டும் வெளியிடுவார்கள்.

சிக்கல் வருவது பல அணிகள் ஒரே சர்வரில் நுழையும்போதுதான். ஒருமுறை எங்கள் அணிக்குச் சாதாரணப் பயனராக ஷெல், அதாவது சர்வரில் கட்டளையிடும் வசதி கிடைத்தது. கொடியைப் படிக்க ரூட் எனப்படும் முழு அதிகார அனுமதி வேண்டியிருந்தது. தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் கோப்புறையைப் பட்டியலிட்டபோது, வேறோர் அணி அழிக்காமல் விட்டுப்போன பைத்தான் தாக்குதல் நிரல் கண்ணில் பட்டது. திறந்திருந்தால் சில நிமிடங்களில் புள்ளி கிடைத்திருக்கும். நாங்கள் அதைத் திறக்கவில்லை. அமைப்பாளருக்குச் செய்தி அனுப்பிவிட்டு எங்கள் வழியிலேயே தொடர்ந்தோம். ஆனால் தாக்குதலும் தற்காப்பும் சேர்ந்த போட்டியில், நம் சர்வருக்கு வந்த எதிரணியின் தாக்குதலை, வலையில் வந்து போகும் தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகளில் பிடித்து, அதையே பிற அணிகள்மீது ஏவுவது ஏற்கப்பட்ட உத்தி. அங்கே எல்லா அணிகளும் அதை எதிர்பார்த்தே ஆடுகின்றன. ஆகவே, செய்யப்போவதை அமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லத் தயங்குகிறீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். தயக்கம் இருந்தால் செய்யாதீர்கள்.

விதியைத் தளர்த்துவதாயின் அது வெளிப்படையாக, அனைவருக்கும் பொதுவாக நடக்க வேண்டும். 2007-இல் வான்கூவரில் நடந்த முதல் போன் டு ஓன் (Pwn2Own) ஹேக்கிங் போட்டியில், மேக்புக் ப்ரோவை முதலில் யாராலும் உடைக்க முடியாததால், இணைப்பை அனுப்பி உலாவி வழியே தாக்கவும் அமைப்பாளர்களே அனுமதித்தார்கள். பாதுகாப்பு ஆய்வாளர் டினோ டாய் ஸோவி, ஆப்பிளின் காணொளி மென்பொருளான குவிக்டைமில் கண்டுபிடித்த ஓட்டையால் அந்தக் கணினி வீழ்ந்தது. விதியே குறையுடையதாகவும் இருக்கலாம்: 2012-இல், உடைத்த முறையை முழுவதும் ஒப்படைக்காமலே அங்கே பரிசு பெறலாம் என்றிருந்ததை ஏற்காத கூகுள், ஆதரவை விலக்கிக்கொண்டு தனிப் போட்டி நடத்தியது. உடன்படாதவர் அப்படி விலகலாம். உள்ளே இருந்துகொண்டு இரகசியமாக மீறுவதை என்னால் ஏற்க முடியாது.

கொடியைப் பிற அணிக்குக் கொடுப்பது, எடுத்தபின் அதை அழிப்பது, புள்ளிப் பலகையைத் தாக்குவது, சர்வரைக் கோரிக்கைகளால் திணறடிப்பது ஆகியவற்றை எந்நிலையிலும் செய்யாதீர்கள். உங்கள் கட்டளையால் சர்வர் தவறுதலாக முடங்கிவிட்டால் உடனே நிறுத்தி, கொடுத்த கட்டளையையும் நேரத்தையும் அமைப்பாளர் கேட்பதற்கு முன்பே எழுதி அனுப்பிவிடுங்கள்.