நுண்ணலைக் கேவிட்டியால் எரிவாயுவின் ஈரத்தை அளக்க

கேவிட்டி என்பது நுண்ணலை ஒத்ததிரும் மூடிய உலோகக் குழி. 10 கிகாஹெர்ட்ஸ் கேவிட்டிக்குள் வளிமண்டல அழுத்தத்தில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) ஈரம் சேர்ந்தால் ஒத்ததிர்வு அதிர்வெண் சுமார் 4 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேனின் அழுத்தம் வெறும் 1 மில்லிபார் கூடினாலும் ஏறக்குறைய அதே இறக்கம்தான். அதனால் ஒற்றைக் கேவிட்டியின் எண்ணை நம்பவே நம்பாதீர்கள்.

ஒரே உலோகக் கட்டையில் இரட்டைக் கேவிட்டி குடையுங்கள். ஒன்றில் எரிவாயு அப்படியே போகட்டும். மற்றொன்றில் அதே வாயு 3ஏ மூலக்கூறு சல்லடையில் உலர்ந்து போகட்டும். 3ஏ நீரைப் பிடித்து மீத்தேனையும் ஈத்தேனையும் விட்டுவிடும். இரண்டின் வெளிவழிகளையும் ஒன்றாக இணைத்தால் அழுத்தமும் கலவையும் கழிபட்டு, ஈரத்தின் வித்தியாசம் மட்டும் மிஞ்சும். 10 பாரில் ஓட்டினால் 100 பிபிஎம்முக்கு 40 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும்.

உள்விட்டம் 39.5 மிமீ, உயரமும் அதே, டிஇ011 முறை (உள்ளே அலை அதிரும் வடிவங்களில் ஒன்று). மூடியும் சுவரும் சேருமிடத்தை மின்னோட்டம் கடக்காததால் அந்த இணைப்பு சிக்கல் தராது. ஆனால் டிஎம்111 என்ற வேறொரு முறையும் அதே அதிர்வெண்ணில் வந்து நிற்கும். மூடியின் விளிம்பில் பள்ளம் வெட்டி அதை விலக்குங்கள். பெங்களூரின் பீன்யா பட்டறைகளில் அலுமினியம் சுலபமாகக் கடைந்து கிடைக்கும், வேண்டாம்: ஒரு டிகிரிக்கு 230 கிலோஹெர்ட்ஸ் நகரும். இன்வார் (இரும்பு-நிக்கல் கலவை) போடுங்கள், 12 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே நகரும். உள்ளே செம்பு முலாம், அதன்மேல் தங்க முலாம்.

அளவு அதிகம் கெடுவது வாயுவைக் கேவிட்டிக்குக் கொண்டுவரும் சாம்பிள் லைனில்தான். டெஃப்லான், நைலான், ரப்பர் குழாய்கள் கூடாது. உள்ளே 10 பார் இருந்தாலும் வெளிக்காற்றின் நீராவி சுவர் வழியே ஊடுருவும். அதைத் தீர்மானிப்பது நீராவியின் பகுதியழுத்தம், மொத்த அழுத்தம் அல்ல. 316 எஃகுக் குழாயே போடுங்கள். அழுத்தம் குறைக்கும்போது பாருக்கு சுமார் அரை டிகிரி குளிரும். 40-இலிருந்து 10 பாருக்கு இறக்கினால் 15 டிகிரி. ரெகுலேட்டரைச் சூடாக்காவிட்டால் கன ஹைட்ரோகார்பன் திரவமாகிவிடும். கிளைக்கால் (வாயுவை உலர்த்தப் பயன்படும் திரவம்) துளி உள்ளே ஒட்டினால் அதுவும் ஈரம்போல் காட்டும். முன்னால் சவ்வு வடிகட்டி அவசியம்.

பெங்களூரு சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; காற்றழுத்தம் 910 மில்லிபாரை ஒட்டியே நிற்கும். கேஜ் அளவோடு (வெளிக்காற்றுக்கு மேலுள்ள அழுத்தம்) கடல்மட்டத்துக்குரிய 1013-ஐக் கூட்டாதீர்கள், வெற்றிடத்திலிருந்தே அளக்கும் அப்சல்யூட் சென்சாரே வாங்குங்கள்.

முதலில் நைட்ரஜனால் லைனைக் கழுவுங்கள். வென்ட் கூரைக்கு வெளியே போகட்டும். இரண்டு கேவிட்டிக்கும் உலர் வாயு விட்டு அரைமணி காத்திருங்கள். சுவரில் ஒட்டிய நீர் மெல்லத்தான் வெளியேறும். அப்போது நிற்கும் வித்தியாசமே பூஜ்யம். பிறகு ஒரு பக்கம் ஈர வாயு. எடுத்துக்காட்டாக, 112 மிகி/கனமீட்டர் ஈரம் என்பது 147 பிபிஎம்; 10 பாரில் 59 கிலோஹெர்ட்ஸ் அளவில் வரவேண்டும். வராவிட்டால் முதலில் சல்லடையை மாற்றிப் பாருங்கள்.