சவுதி–ஈரான் சமரசம்: நாம் தப்பாகப் படிக்கும் இடங்கள்

2023 மார்ச் 10 அன்று பெய்ஜிங்கில் சவுதியும் ஈரானும் முறிந்த தூதரக உறவை மறுபடி தொடங்குவதாகக் கைகுலுக்கியதைப் பற்றி மண்ணடி, ராயபுரம் பக்கம் டீக்கடையில் பேச்சு வந்தால் ரெண்டே கட்சிதான். "எல்லாம் சீனாக்காரன் வேலைப்பா" என்பார் ஒருத்தர். "ஷியாவும் சன்னியும் எந்தக் காலத்துல ஒத்துப்போனாங்க, இதெல்லாம் சும்மா" என்பார் இன்னொருத்தர்.

முதலில் மதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 1987 ஹஜ்ஜில் மக்காவில் ஈரானிய யாத்ரீகர்களுக்கும் சவுதி போலீசுக்கும் நடந்த மோதலில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள், அடுத்த வருஷமே உறவு முறிந்தது, ஆனால் 1991-ல் திரும்பச் சேர்ந்து, 2001-ல் பாதுகாப்பு ஒப்பந்தம் வரை போனார்கள். அப்போதும் சவுதி சன்னி, ஈரான் ஷியாதான். 2016 ஜனவரியில் ஷியா மதகுரு நிம்ர் அல் நிம்ருக்கு சவுதி மரண தண்டனை நிறைவேற்றியதும் தெஹ்ரானில் ஒரு கும்பல் சவுதி தூதரகத்துக்குள் புகுந்து தீ வைத்தது, மறுபடி முறிவு.

சீனா கதைக்கு வருவோம். 2021-லேயே இராக் தலைநகர் பாக்தாத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள், ஓமானும் இடம் கொடுத்தது; பெய்ஜிங் கூட்டறிக்கையிலேயே இந்த ரெண்டு நாட்டுக்கும் நன்றி சொல்லியிருக்கிறது. சீனா கடைசிக் கட்டத்தில் வந்து முடித்து வைத்தது. அதுவும் பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

அறிக்கையைப் படிக்காமல் போட்டோவை மட்டும் பார்ப்பது அடுத்த தப்பு. தூதரகங்களை இரண்டு மாதத்துக்குள் திறப்பது, அடுத்தவர் உள்விவகாரத்தில் தலையிடாமல் இருப்பது, 1998, 2001 ஒப்பந்தங்களைத் தூசு தட்டி எடுப்பது, அவ்வளவுதான். ரெண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் நின்ற போர் ஏமனில்தான், ஆனால் ஏமன் என்ற பெயரே அதில் இல்லை! தூதரகங்களும் சொன்ன தேதிக்குத் திறக்கவில்லை. ரியாத்தில் ஜூன், தெஹ்ரானில் ஆகஸ்ட் ஆகிவிட்டது.

அப்புறம் "ரெண்டு பேரும் சேர்ந்துட்டாங்க, பெட்ரோல் விலை இறங்கும்" என்ற நப்பாசை. கையெழுத்துப் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் தொடக்கத்தில் சவுதி தினமும் 5 லட்சம் பீப்பாய் உற்பத்தியைக் குறைப்பதாக அறிவித்தது. ஈரான் பக்கம் என்ன தடை என்று தெரிய, நம்ம சென்னை மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையைப் பார்த்தாலே போதும். 1965-ல் அது தொடங்கியபோதே ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் அதில் ஒரு கூட்டாளி, பிற்பாடு அந்தப் பங்கு 15.4 சதவீதமாக நாஃப்டிரான் என்ற ஈரானிய நிறுவனத்திடம் இருந்தது. ஆனாலும் 2019-ல் அமெரிக்கத் தடையால் இந்தியா ஈரான் கச்சா எண்ணெய் வாங்குவதை நிறுத்தியபோது, மணலிக்கும் சேர்த்துத்தான் நின்றது. ஆலையில் பங்கு வைத்திருந்தவருடைய எண்ணெயே ஆலைக்கு வரமுடியவில்லை. அந்தத் தடையைப் போட்டது வாஷிங்டன். ரியாத்தும் தெஹ்ரானும் ராசியானதால் அதில் ஒரு வரிகூட மாறவில்லை.