கடையில் கிடைக்காத பதிலை நானே தேடிக்கொண்டேன்

என் மொபைல் நம்பரை வேறு நிறுவனத்துக்கு மாற்றலாம் என்று அவர்களுடைய கடைக்குப் போனேன். வீட்டுக்குள் சிக்னல் வருமா, என் பழைய போன் அவர்கள் நெட்வொர்க்கில் ஓடுமா, இவ்வளவுதான் கேள்வி. அங்கிருந்தவரோ புது போனைத் தவணையில் என் தலையில் கட்டுவதிலேயே குறியாக இருந்தார். கஸ்டமர் கேருக்கு அடித்தால் ஒருவர் மாற்றி ஒருவரிடம் தள்ளிவிட்டார்கள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. வாங்கும் முன்பே இப்படி என்றால் வாங்கிய பிறகு யார் கண்டுகொள்வார்கள்?

சரி என்று நானே இறங்கினேன். போனில் *#06# அடித்தால் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) வரும், அதை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, போன் ஒத்துவருமா என்று பார்த்துக்கொண்டேன். அப்புறம் பழைய நம்பரைத் தொடாமல், அவர்களுடைய ப்ரீபெய்டு இ-சிம்மை (கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்) இரண்டாவது லைனாகப் போட்டு, சமையலறை, லிஃப்ட், படுக்கையறை மூலை என்று நடந்து நடந்து பேசிப் பார்த்தேன் (700, 800 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அலைவரிசைகள்தான் சுவரைத் தாண்டி நன்றாக வரும், கவரேஜ் வரைபடத்தை மட்டும் நம்பிவிட முடியாது). கட்டணம், ஒப்பந்தக் காலம் எல்லாவற்றையும் சாட்டில் எழுத்தில் வாங்கி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். அதன் பிறகே நம்பரை மாற்றக் கொடுத்தேன். மாறி முடியும்வரை பழைய இணைப்பை மட்டும் ரத்து செய்துவிடாதீர்கள், நம்பரே கைவிட்டுப் போய்விடலாம்.