கோரி கெளுத்தி வளர்ப்பு: தொட்டியின் தரையிலிருந்து தொடங்குங்கள்

கீழே சேரும் கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று சொல்லித்தான் கோரிடோராஸ் கெளுத்திகளைப் பலர் தலையில் கட்டுகிறார்கள். நம்பாதீர்கள். கோரி மற்ற மீன்களின் மலத்தைத் தின்னாது. போதாததற்கு அதன் கழிவையும் நீங்கள்தான் அள்ள வேண்டும்.

தொட்டி சைக்கிள் ஆகி, அதாவது கழிவை முறிக்கும் நல்ல பாக்டீரியா பில்டரில் குடியேறி, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நிற்கின்றன என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

1. மணல்

கோரி இரை தேடுவதைக் கிட்டே உட்கார்ந்து பாருங்கள். கண் வரைக்கும் மூஞ்சியை மணலுக்குள் புதைக்கும், ஒரு வாய் மணலை அள்ளும், தின்னக்கூடியதை வைத்துக்கொண்டு மீதியைச் செவுள் வழியாகப் புகைபோல வெளியே விடும். சரளைக் கல்லில் இதற்கு வழியே இல்லை. இரையும் கல் இடுக்கில் விழுந்து அழுகும்.

ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான, முனை மழுங்கிய மணல் வேண்டும். ஈர மணலைப் பழைய சிடி ஒன்றின் மேல் தேய்த்துப் பாருங்கள். ஆழமாகக் கீறினால் அந்த மணல் வேண்டாம். அப்புறம் கொஞ்சம் மணலில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும். கடல் மணலும் இதே காரணத்தால் ஆகாது. நிறம் உங்கள் இஷ்டம். வண்ணம் பூசிய மணல் எனக்குப் பிடிக்காது.

கழுவுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. வாளியில் கால் பங்குக்கு மேல் மணல் போடாதீர்கள். கையை அடிவரை விட்டுக் கலக்கி, கலங்கல் தண்ணீரைக் கொட்டி, தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். தொட்டியில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயரம் போதும். மணலின் மேல் ஒரு தட்டை வைத்து, அதன் மேல் தண்ணீரை ஊற்றினால் குழி விழாது. தூசி படியும்வரை பில்டரை அணைத்து வையுங்கள், நுண்மணல் உள்ளே சுழலும் இம்பெல்லர் விசிறியைத் தேய்த்துவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் மணல் மாற்றுகிறீர்களா? பில்டர் ஸ்பாஞ்சை எடுத்துத் தொட்டித் தண்ணீரிலேயே போட்டு வையுங்கள், காய்ந்தால் அதிலிருக்கும் நல்ல பாக்டீரியா செத்துவிடும்.

கழிவை உறிஞ்சி எடுக்கும் சைபன் குழாயைச் சரளையில் குத்துவதுபோல மணலில் குத்தினால் மணலும் சேர்ந்து போய்விடும். மணலுக்கு இரண்டு விரல் மேலே பிடித்து லேசாகச் சுழற்றுங்கள். கழிவு மட்டும் எழும்பி வரும். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீர் மாற்றம், அதோடு இதுவும்.

மீசை குட்டையாகிப் போனால் எல்லோரும் கூர்மையான கல்லைத்தான் திட்டுவார்கள். நான் முதலில் சந்தேகப்படுவது அழுக்குத் தரையை. அங்கே பெருகும் பாக்டீரியாவே மீசையைத் தின்றுவிடும். மீசையின் அடிப்பகுதி மிஞ்சியிருந்து தரையும் சுத்தமானால், மெதுவாகத் திரும்ப வளரும்.

2. எத்தனை, எந்த வகை

குறைந்தது ஆறு, அதுவும் ஒரே வகையில். ஒரு வெண்கலக் கோரி, ஒரு பாண்டா, ஒரு பெப்பர்ட் என்று கலந்து வாங்கினால் அது கூட்டமாகாது. அறுபது சென்டிமீட்டர் நீளத் தொட்டி தேவை. உயரத்தைவிடத் தரைப்பரப்பைப் பாருங்கள். பெரும்பாலான வகைகளுக்கு 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் சரி. பெப்பர்ட் அதைவிடக் குளிர்ச்சியை விரும்பும், ஸ்டெர்பாய் 28 டிகிரியையும் தாங்கும். தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் கேட்கும் டிஸ்கஸ் மீன் இருந்தால் ஸ்டெர்பாய்தான் என் தேர்வு.

வாங்கும்போது விஞ்ஞானப் பெயர் மாறியிருந்தால் குழம்பாதீர்கள். 2024-இல் இந்தப் பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். பாண்டா இப்போது ஹோப்லிசோமா.

3. பிடிப்பது

வலையை விட டப்பா நல்லது. முதுகிலும் பக்கத்திலும் உள்ள முட்கள் வலையில் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் இழுக்காதீர்கள், வலையை வெட்டுங்கள். கையில் குத்தினால் நன்றாகவே கடுக்கும்.

4. தீனி

மூழ்கும் பெலட், வாரம் இரண்டு முறை உறைய வைத்த ரத்தப்புழு. பாசி தின்னும் மீனுக்கான வேஃபரை மட்டும் போட்டால் போதாது, இவற்றுக்குப் புரதம் வேண்டும். மேலே நீந்தும் டெட்ராக்கள் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டால், விளக்கை அணைத்த பிறகு இரண்டு மூலையில் பிரித்துப் போடுங்கள்.

பிறகு சேர்த்தது

“திடீரென்று மேலே பாய்ந்து திரும்புகிறதே, மூச்சு முட்டுகிறதா?” என்ற கேள்வி நிறைய வந்தது. கோரி காற்றை விழுங்கிக் குடல் வழியாகவும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அவ்வப்போது பாய்ந்தால் இயல்புதான். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விடுங்கள். எல்லாம் சேர்ந்து ஓயாமல் பாய்ந்தால் உடனே தண்ணீரைச் சோதியுங்கள், ஏர் பம்பையும் போடுங்கள்.

கண்ணாடியில் முட்டை ஒட்டியிருக்கிறது என்றும் சிலர் எழுதினார்கள். கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் மாற்றினால் இப்படி இடுவது வழக்கம். விட்டால் பெரிய மீன்களே தின்றுவிடும். ஈர விரலால் மெல்ல உருட்டி எடுத்து, தொட்டித் தண்ணீர் நிரப்பிய டப்பாவில், காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனோடு வையுங்கள். வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்ததை அன்றன்றே எடுத்துவிடுங்கள், பக்கத்து முட்டைக்கும் பரவும்.