சிமென்ட் போர்டு குளியலறைச் சுவர்: டைல்ஸ் ஒட்டும் முன்

சிமென்ட் போர்டு தண்ணீரில் ஊறிக் கெடாது; ஆனால் தண்ணீரைத் தடுக்கவும் செய்யாது. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் அடுத்த அறைச் சுவரில் ஈரம் பூக்கிறது.

ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ஃபிரேமில் செங்குத்துச் சட்டங்களை 400 மி.மீ.க்கு ஒன்றாக வைத்தேன். இடைவெளி கூடினால் சுவர் அதிரும், டைல்களின் இடைவெளியை நிரப்பும் கிரௌட் விரியும். 12 மி.மீ. போர்டைத் தரையிலிருந்து 10 மி.மீ. தூக்கி, போர்டுகளுக்கு நடுவே 3 மி.மீ. விட்டு, 200 மி.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ. ஜிப்சம் போர்டின் கறுப்பு ஸ்க்ரூ இங்கே ஆகாது, துருப்பிடிக்கும்.

ஜாயின்டில் டைல் பசையை அழுத்தி நிரப்பி, மேலே காரம் தாங்கும் ஃபைபர் மெஷ் டேப். சாதாரண டேப்பை சிமென்டின் காரம் அரித்துவிடும்.

கசிவு பெரும்பாலும் நடுச்சுவரில் வராது. தரையும் சுவரும் சேரும் மூலையிலும் குழாய்த் துளையிலும்தான் வரும். துளையைச் சுற்றி சீலன்ட். மூலையில் 150 மி.மீ. அகல மெஷ்ஷை, தண்ணீரைத் தடுக்கும் பூச்சின் முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே பதித்துவிட வேண்டும். பூச்சு, பவுடரும் திரவமும் கலக்கும் அக்ரிலிக் வகை. தூசியை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, முதல் கோட் குறுக்காக, காய்ந்தபின் இரண்டாவது நெடுக்காக. ஷவர் பக்கம் 1.8 மீட்டர் உயரம், மற்ற சுவர்களில் 300 மி.மீ.

பூச்சு நன்றாகக் காய்ந்தபின் ட்ராப்பை (தரையில் தண்ணீர் வடியும் துளையை) அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்க்கலாம். டைல்ஸ் ஒட்ட, "சிமென்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமென்ட்) போதும் சார்" என்பார் மேஸ்திரி. போதாது, பூச்சின் வழவழப்பில் அது பிடிக்காது, பாலிமர் கலந்த டைல் பசைதான் வேண்டும்.