கறுப்பர் நகரத்தின் எல்லையைக் கண்டறிவது எப்படி?

காலனி ஆட்சி சென்னையை எவ்வாறு பிரித்தது என்பதை நேரில் அறிய விரும்புவோர், புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்காமல் பாரிமுனையில் தொடங்குவது நல்லது. டேர் ஹவுஸ் கட்டடத்தின் மூலையில், பெரும்பாலோர் கவனிக்காமலே கடந்துபோகும் எல்லைத்தூண் ஒன்று நிற்கிறது; 1773-இல் நடப்பட்ட ஆறு தூண்களில் எஞ்சியது இதுவே. அங்கிருந்து தெற்கே, உயர்நீதிமன்ற வளாகத்தை நோக்கி நில்லுங்கள். இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம் அங்கேதான் இருந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து அது இடிக்கப்பட்டு, கோட்டையின் பீரங்கிகளுக்கு மறைப்பில்லாத வெற்றுவெளியாக்கப்பட்டது. வடக்கே பெயர்ந்த மக்கள் குடியேறிய பகுதியே இன்றைய ஜார்ஜ் டவுன். அடுத்துக் கோட்டைக்குச் சென்று (வெள்ளிக்கிழமை வேண்டாம், அருங்காட்சியகத்துக்கு விடுமுறை), சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இன்றும் அந்த மதிலுக்குள்ளேயே இயங்குவதைப் பாருங்கள்.