சீருடை வேலையை விட்டு ஏஜென்சி வழியாகக் கம்பனி வேலைக்குப் போகிறவர்களுக்கு

2012இல் கிளிநொச்சியில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்கள் இராணுவத்தில் சேர்ந்தார்கள். விசுவமடுப் பக்கத்துச் சிவில் பாதுகாப்புத் திணைக்கள (சி.எஸ்.டி) பண்ணைகளில் வேலை செய்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. இவர்களில் வெளியே வர நினைக்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் ஏஜென்சிக்காரர் முன்னால் இருந்ததும் "நான் சும்மா டியூட்டிதான் பார்த்தனான்" என்று சொல்லிவிட்டு, அவர் முதலில் காட்டுகிற செக்கியூரிட்டி வேலைக்குத் தலையாட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்க்கக் கவலையாக இருக்கிறது.

முதலில் முறைப்படி விலகுங்கள். இராணுவத்தில் லீவில் வந்து அப்படியே நின்றுவிட்டால் அது தப்பியோடிய கணக்கு. எந்த நல்ல கம்பனியும் விலகல் கடிதமும் சேவைச் சான்றிதழும் கேட்கும். சி.எஸ்.டியில் இருப்பவர்கள் புதிய இடத்து நியமனக் கடிதம் கையில் வரும்வரை பழைய வேலையை எழுதிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

அப்புறம் சுயவிபரக் கோவை. பதவிப் பெயரை மட்டும் எழுதினால் கொழும்பில் இருந்து வாசிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது, செய்த வேலையை எழுதுங்கள். பண்ணையில் இருந்த ஒரு தங்கச்சி எழுத வேண்டியது இப்படி: "சொட்டு நீர்ப்பாசனக் குழாய் பொருத்தினேன், உர இருப்புப் புத்தகம் எழுதினேன், இருபது பேருக்குத் தினமும் வேலை பிரித்துக் கொடுத்தேன்." இதை வாசிக்கிறவர் களஞ்சியப் பொறுப்பாளர் வேலைக்கோ ஆடைத் தொழிற்சாலை மேற்பார்வையாளர் வேலைக்கோ உங்களை நினைப்பார். சேவையில் பழகிய சிங்களத்தையும் கட்டாயம் எழுதுங்கள், தலைமையலுவலகத்தோடு பேசக்கூடிய ஆள் வன்னிக் கிளைகளுக்கு எப்போதும் தேவை. கனரக வாகன லைசன்ஸ் இருந்தால் அதை மேலே போடுங்கள்.

சான்றிதழ் இல்லையே என்று யோசிக்கிறீர்களா? மேசன், வயரிங், வாகனத் திருத்தம், சமையல் என்று கையில் தொழில் இருந்தால், திரும்ப வகுப்புக்குப் போகாமலே செய்முறைப் பரீட்சையும் அனுபவச் சான்றும் வைத்து என்.வி.கியூ என்கிற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். தொழிற்பயிற்சி கொடுக்கிற அரச நிறுவனமான நைற்றாவின் அலுவலகத்தில் கேளுங்கள். இது கையில் இருந்தால் ஏஜென்சியில் பேச்சே மாறும்.

இனி ஏஜென்சி. உள்ளூர் வேலைக்கு அவர்களுக்குக் காசு கொடுப்பது வழமையாகக் கம்பனிதான், உங்களிடம் பதிவுக்காசு கேட்டால் யோசியுங்கள், ரசீது இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அடையாள அட்டை, சான்றிதழ்களின் பிரதியைக் கொடுங்கள், மூலத்தை அல்ல. இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது, அதைப் பலர் கேட்பதே இல்லை: என்னுடைய முதலாளி யார், கம்பனியா, ஏஜென்சியா? மேன்பவர் ஏஜென்சி என்றால் நீங்கள் வேலை செய்வது ஓரிடம், சம்பளம் போடுவது இன்னோரிடம், அந்த இடைவெளியில்தான் ஈ.பி.எஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதி காணாமல் போகிறது. சம்பளத்தில் உங்கள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், அதோடு முதலாளி தனியாகக் கட்ட வேண்டிய ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். இதை யார் கட்டுகிறார் என்று எழுத்தில் வாங்குங்கள். சொல்கிற சம்பளம் கழிவுக்கு முன்னா பின்னா, ஓவர்டைம் சேர்த்தா சேர்க்காமலா என்றும் கேளுங்கள், கேட்டால் கோபிப்பார்கள் என்று பயப்பட வேண்டாம்.

ஏஜென்சியை மட்டும் நம்பி இருக்கவும் வேண்டாம். மாவட்டச் செயலகத்தில் இருக்கிற மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தில் இலவசமாகப் பதியலாம், தொழிற்சந்தைக்கும் கூப்பிடுவார்கள்.

வெளிநாடு என்றால் மிகமிகக் கவனம். முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தை வாங்கி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துச் சரிபாருங்கள். நல்ல சம்பளம் என்ற வாக்குறுதியில் ரஷ்யா போய் உக்ரைன் போர்முனையில் நிறுத்தப்பட்ட முன்னாள் இராணுவத்தினரின் கதை 2024இல் நாடு முழுக்கத் தெரியவந்தது. படைப்பயிற்சி உள்ளவரைத் தேடித்தான் இப்படியான ஆட்கள் வருகிறார்கள். "விசிட் விசாவில் போங்க, அங்க மாத்தலாம்" என்று யாராவது தொடங்கினால் எழும்பி வந்துவிடுங்கள்.